கனகருக்குப் போட்ட வெளிச்சம்

என் புருஷன் உயிரோடு இருந்தவரை கழுத்தில் ரை கட்டியதில்லை. செத்து ஒரு வருஷத்துக்குப் பிறகு திருகோணமலையில் ஒரு ஸ்ரூடியோக்காரன் அவருக்குக் கறுப்புக் கோட்டும் சிவப்பு ரையும் போட்டுவிட்டான். அந்தக் கோலத்தில் அவருடைய முகம் எங்கள் குளத்தின் மேற்குக்கரை முழுக்க, விளக்குக் கம்பத்துக்கு ஒன்றாகத் தொங்கியது. கீழே, "இயற்கையின் காவலன் அமரர் கனகசுந்தரம் ஞாபகார்த்தமாக" என்று எழுதியிருந்தார்கள். அதற்கும் கீழே, அவருடைய பெயரைவிடப் பெரிய எழுத்தில், விளக்குகளை அன்பளிப்புச் செய்தவரின் பெயர்.

இயற்கையின் காவலனாம்! போன வருஷம்வரை இதே ஊருக்கு அவர் விசர்க் கனகர்.

நான் அவருக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த மனுஷனோடு குடும்பம் நடத்திச் சீரழிந்தவள் நான். திருகோணமலைக்கும் கண்டிக்கும் ஓடுகிற பஸ்ஸில் கொண்டக்டர் வேலை. லீவு நாளென்றால் மற்ற ஆம்பிளைகள் வேலியடைப்பார்கள், கூரை பார்ப்பார்கள். இவர் காட்டுக்குள் போய்விடுவார். திரும்பி வரும்போது உடம்பெல்லாம் உண்ணி. மிருகம் கால் தட்டினால் தானாக வெடிக்கிற கட்டுத்துவக்குகளை வேட்டைக்காரர்கள் காட்டில் கட்டி வைத்திருப்பார்கள். அவற்றைத் தேடிக் கழற்றிக்கொண்டு வந்து என் கட்டிலுக்குக் கீழே அடுக்குவார். ஒருமுறை சோதனைக்கு வந்த பொலிஸ் அதைக் கண்டு அவரைப் பிடித்து உள்ளே போட்டது. காலில் விழாத குறையாக ஆட்களைப் பிடித்து நான் வெளியே எடுத்தால், மனுஷன் கேட்ட முதல் கேள்வி, "துவக்குகளை வேட்டைக்காரரிட்டத் திருப்பிக் குடுத்திடுவாங்களோ?"

என்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ரோட்டில் யானை குறுக்கிட்டால் விசிலை ஊதி பஸ்ஸை நிறுத்திவிடுவார். ட்ரைவர் ஏசுவான், சனம் ஏசும். "ஆறுதலாப் போகட்டும், அதுகளுக்கு நேரசூசி இல்லை" என்பார். எங்கள் ஒரே பிள்ளை இராகுலன் நெருப்புக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும், எங்கோ ஒரு யானைக்குட்டி சேற்றில் புதைந்துவிட்டதென்று இவர் அங்கேதான் நின்றார். குட்டியை மீட்டுவிட்டு, சேறும் சிரிப்புமாக வார்டுக்குள் வந்தார். அந்தச் சிரிப்பை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

ஆனால் மேற்குக்கரை விஷயத்தில் மட்டும் நான் அவரைக் குறை சொல்லமாட்டேன். எங்கள் ஊர் தம்பலகாமத்துக்கு உள்ளே, குளத்தின் கிழக்குப் பக்கத்தில் இருக்கிறது. குளத்துக்கு மேற்கே காடு. பொழுதுபட யானைகள் காட்டிலிருந்து மேற்குக்கரைக்கு இறங்கும், குடிக்கும், குளிக்கும், திரும்பிப் போய்விடும். அந்தக் கரையில் வெளிச்சமும் மனுஷரும் இல்லாதவரை அவை வயல் பக்கம் வந்து தண்ணீர் தேட வேண்டியதில்லை. இதை அறியப் படிப்பு ஒன்றும் தேவையில்லை, ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் ஒருவன் அங்கே ஹோட்டல் கட்ட வந்தான், இன்னொருவன் மீன்வாடி போட வந்தான், கரண்ட் கம்பம் நடவும் ஆள் வந்தது. ஒவ்வொரு முறையும் கனகர் போய்க் குறுக்கே நின்றார். அரசாங்கக் கந்தோர் கந்தோராக அலைந்தார். ஒரு தடவை நல்ல அடியும் வாங்கினார். எந்தப் பேப்பரிலும் அவருடைய பெயர் வரவில்லை, எந்தக் கூட்டத்துக்கும் யாரும் அவரைக் கூப்பிடவில்லை. கரை மட்டும் இருட்டாகவே கிடந்தது.

போன வைகாசியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்தவர் எழும்பவில்லை. செத்தவீட்டுக்கு வந்த சனத்தை ஒரு சின்ன லேண்ட்மாஸ்டர் உழவுமெசினின் பெட்டியில் ஏற்றிவிடலாம்.

இப்படிப்பட்ட ஊரிலிருந்துதான் பாக்கியரத்தினம் என் வீட்டுக்கு வந்தார். ஊர்ச் சங்கத்தின் தலைவர். ஊரிலிருந்து என்பதும் பிழை, அவருக்குத் திருகோணமலைப் பாலையூற்றில் மாடி வீடு. குளத்தடிக்கு அவர் வருவது கூட்டத்துக்கும் சாப்பாட்டுக்கும்தான். மேற்குக்கரையில் ஹோட்டல் கட்ட வந்தவனுக்குக் காணி பார்த்துக் கொடுக்க ஓடித்திரிந்தவரும் இவரே.

"அக்கா, கனகரண்ணைக்கு ஊர் ஒண்டும் செய்யேல்லை எண்டு எனக்குச் சரியான கவலை," என்று கதிரையில் சாய்ந்துகொண்டு தொடங்கினார். கைலேஞ்சியை எடுத்துக் கண்ணை ஒற்றினார். கண் காய்ந்துபோய்த்தான் இருந்தது.

"இப்ப என்ன செய்யப் போறியள்?"

"சோலர் லைட்! கனடாவில இருந்து என்ர மச்சான் செய்யிறார். அண்ணையின்ர முதலாம் ஆண்டுக்குத் திறந்து வைப்பம்."

"எங்க?"

"மேற்குக்கரையில."

குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணியை நான் கீழே வைத்துவிட்டேன். "உங்களுக்கென்ன விசரோ? அந்தக் கரையில வெளிச்சம் வரக்கூடாதெண்டுதானே அந்த மனுசன் அடிவாங்கினது?"

"எனக்குத் தெரியாதே அக்கா? ஆருக்குத்தான் தெரியாது?" அவர் குரலைத் தாழ்த்தினார். "ரோட்டில ஏற்கெனவே கரண்ட் லைட் இருக்கு. ஒழுங்கையில போட்டா வீடியோவில எடுபடாது. குளத்தங்கரை எண்டா தண்ணியில வெளிச்சம் விழும், பாக்க வடிவா இருக்கும். மச்சான் அப்பிடித்தான் கேக்கிறார். ஆசையா அனுப்பிற மனுசனிட்ட வேண்டாமெண்டு சொல்ல ஏலுமோ?"

நான் எழும்பினேன். வாசலைக் காட்டத்தான் எழும்பினேன். அதற்குள் அவர் அடுத்ததை எடுத்து வைத்தார்.

"இராகுலனும் அங்க கனடாவில மச்சான்ர கடையிலதானே நிக்கிறான். அவன்ர விசா அலுவலையும் மச்சான்தான் பாக்கிறார். நல்ல பிள்ளை, நல்லா வரவேணும்."

வந்த விஷயம் இதுதான். கண் துடைப்பும் கவலையும் இதற்கு முன்வைத்த பாக்குவெற்றிலை. என் பிள்ளை ஒரு பெரிய மனுஷனுடைய கடையில் அரிசி மூட்டை அடுக்குகிறான், அந்த மனுஷன் முகம் கோணினால் அவனுக்கு வேலையும் இல்லை, விசாவும் இல்லை. நான் திரும்பவும் இருந்துகொண்டேன். "செய்யிறதைச் செய்யுங்கோ" என்றேன். எனக்கே என்னை நினைக்க அருவருப்பாக இருந்தது.

அன்றைக்குப் பின்னேரம் முனீப் வந்தான். கிண்ணியாப் பெடியன், குளத்துக்கு வடக்கே குத்தகைக்கு வயல் செய்கிறவன். வயலோடு ஒரு வாடி போட்டு, நிறைமாசமாக இருந்த பெண்சாதி அசனாவோடு அதிலேயே இருந்தான்.

"அம்மா, மேற்கால லைட்டுப் போட்டா அதுகள் தண்ணிக்கு எந்தப் பக்கத்தால வரும்? என்ட வாடிப் பக்கத்தாலதானே?"

"சங்கத்தில கேட்டனியோ?"

"கேட்டன். நீங்க இந்த ஊர் ஆள் இல்லையே, உங்களுக்கு என்னத்துக்கு இந்தக் கதை எண்டு சொல்றாங்க."

என்னையும் நம்பி வந்து கேட்டவனுக்கு நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து அனுப்பினேன்.

திறப்பு விழாவைக் கேளுங்கள். பந்தல் என்ன, மேளம் என்ன! கனகர் உயிரோடு இருந்தபோது அவரைக் கண்டால் மற்ற ஒழுங்கையால் போனவர்களெல்லாம் முன் வரிசையில் இருந்தார்கள். ரவுணிலிருந்து வந்த பிரதம விருந்தினர், தானும் கனகரும் இயற்கையைப் பற்றி மணிக்கணக்கில் கதைப்பதுண்டு என்று பேசினார். கனகர் ஒருவரோடு மணிக்கணக்கில் கதைத்திருந்தால் எனக்குத் தெரியாமல் போகுமா? அவர் என்னோடே அவ்வளவு நேரம் கதைத்ததில்லை. பிறகு எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பிறகு நாடா வெட்டினார்கள். எல்லோரும் கையைத் தட்டிவிட்டு விளக்கை நிமிர்ந்து பார்த்தார்கள்.

விளக்கு எரியவில்லை. எப்படி எரியும்? காலைப் பத்து மணி, தலையைப் பிளக்கிற வெயில். சோலர் லைட் இருட்டினால்தான் எரியும் என்பது அவ்வளவு பெரிய சபையில் ஒருவருடைய மூளைக்கும் எட்டவில்லை. கனடாவில் மச்சான் போனில் நேரடியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பாக்கியரத்தினத்துக்கு வேர்த்து ஊத்தியது.

"பனலை மூடினா ராவெண்டு நினைச்சுப் பத்தும்," என்றான் கம்பம் நட்ட ஆள்.

மூடுவதற்கு ஒரு துணி வேண்டும். பாக்கியரத்தினம் அங்குமிங்கும் பார்த்தார். பிறகு என்னிடம் வந்து, "அக்கா, அதை ஒருக்காத் தாங்கோ," என்று என் தோளிலிருந்த பொன்னாடையைத் தானே உருவிக்கொண்டு போனார். ஒருவன் ஏணியில் ஏறி அதைப் பனலில் சுற்றினான். விளக்கு பற்றியது. சனம் ஆரவாரித்தது, வெடி கொளுத்தினார்கள், ஒரு பெண் கண்ணீரும் விட்டாள். பட்டப்பகலில், என் பொன்னாடையைக் கட்டிக்கொண்டு ஒரு விளக்கு எரிகிறது, அதைப் பார்த்து ஒரு ஊரே கைதட்டுகிறது! எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. கூட்டத்துக்குப் பின்னால் முனீப் சிரிக்காமல் நின்றான்.

கண்டறியாத விளக்கு! அந்தக் கிழமை முடியவில்லை. மேற்குக்கரைக்கு இறங்கிய யானைகள் வெளிச்சத்தைக் கண்டு வடக்கே திரும்பிவிட்டன. விடிய முனீப் என் வேலிப் படலையில் நின்றான். கையில் ஒரு சின்னப் பாய், பிறக்கப்போகிற பிள்ளைக்கென்று அசனா வாங்கி வைத்தது. சேற்றில் மிதிபட்டு நாராகக் கிடந்தது.

"பால் பிடிச்ச வேளாண்மை, பாதிக்கு மேல போயிட்டுது அம்மா. வாடியையும் பிரட்டிப் போட்டுட்டுதுகள். அல்லாட காவல், அசனா முந்தாநாள்தான் பேறுகாலத்துக்கு உம்மாட ஊட்ட போனா."

அவன் என்னை ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவன் பாயைச் சுருட்டிக்கொண்டு போனான்.

நான் பஸ்ஸேறிப் பாலையூற்றுக்குப் போனேன். பாக்கியரத்தினம் விறாந்தையில் இருந்து விழா வீடியோவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கம்பங்களைக் கழட்டுங்கோ," என்றேன்.

"அதெப்பிடி அக்கா? எவ்வளவு சனம் பாத்திட்டுது! மச்சானுக்கு நான் என்ன முகத்தோட சொல்லுறது?"

"முனீப்பின்ர பெண்சாதி அங்க படுத்திருந்தா என்ன முகத்தோட சொல்லியிருப்பியள்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். மனுஷனுக்குச் சுட்டுவிட்டதென்று நானும் நினைத்தேன். "ஒண்டு செய்யலாம்," என்றார். "வடக்குப் பக்கமும் லைட் போட்டா அதுகள் வராது. மச்சானிட்டச் சொல்லி இன்னும் கொஞ்சம் எடுப்பம்."

"பிறகு தெற்காலையும் போடுங்கோ. கிழக்காலையும் போடுங்கோ. அதுகள் தண்ணி குடிக்க இஞ்ச உங்கட வீட்டுத் தண்ணி ராங்குக்கு வரட்டும்!" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். பின்னால் அவருடைய பெண்சாதி, "பாவம், புருசன் போன கவலை," என்று சொன்னது காதில் விழுந்தது.

தம்பலகாமம் கோணேசர் கோயில் தேருக்கு ஊர் முழுக்கப் போய்விட்டது. நான் கால் வலி என்று நின்றுவிட்டேன். மண் கிண்டுகிற அலவாங்கைத் தூக்கிக்கொண்டு மேற்குக்கரைக்கு நடந்தேன். கம்பம் நட்டவன் சீமெந்தை விழுங்கியிருந்தான், ஈர மண்ணில் ஒரு முழ ஆழம்கூட இல்லை. சுற்றிவரக் கிண்டிவிட்டுத் தோளால் தள்ளினால் கம்பம் அப்படியே குளத்துக்குள் சரிந்தது. கோட்டும் ரையுமாக என் புருஷன் ஒருவர் பின் ஒருவராகத் தண்ணீருக்குள் போனார். நான் சும்மா தள்ளவில்லை, ஏசி ஏசித்தான் தள்ளினேன். "இருக்கேக்கையும் கரைச்சல், செத்தும் கரைச்சல்! இந்த வயசில என்னை அலவாங்கு பிடிக்க வைச்சிட்டியே, படுபாவி!" என்று ஏசினேன். கடைசிக் கம்பத்தடியில் ஏச்சு முடிந்து அழுகை வந்துவிட்டது. யாருமில்லைதானே என்று நன்றாக அழுதேன். உள்ளங்கை இரண்டும் பொக்களித்து உடைந்திருந்தது.

மறுநாள் விடிய ஊர் கூடிவிட்டது. கரையெல்லாம் யானை லத்தி, காலடி. யாருக்கும் வேறு யோசனை வரவில்லை. "தனியன்தான்," என்றார்கள். அது கூட்டத்தோடு சேராமல் திரிகிற ஒரு கிழட்டுக் கொம்பன். முனீப்பின் வயலுக்குள் எத்தனை யானை வந்ததோ, பழி முழுக்க அதன் தலையில். அதைப் பிடித்து, தூரத்தில் யானைகளை அடைத்து வைக்கிற இடத்துக்கு ஏற்றிவிட வேண்டும் என்று பின்னேரத்துக்குள் முடிவாகிவிட்டது. அங்கே போன யானை திரும்பி வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அதற்கு ஒரு முறைப்பாடு வேண்டும், கண்ணால் கண்ட சாட்சி வேண்டும். தேரன்று ஊரில் நின்ற ஒரே ஆள் நான்.

பாக்கியரத்தினம் பொலிஸ் சார்ஜன் றிஸ்வியைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். வேலிக்கு வெளியே பாதி ஊர். நான் கையில் சீலைத் துண்டு சுற்றியிருந்தேன். பாக்கியரத்தினத்தின் கண் அதில் போய் நின்றது. மனுஷன் மடையன் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். இல்லை, விளங்கிக்கொண்டார். "சார், நீங்கள் ஒருக்கா அந்தக் கரையைப் பாத்திட்டு வாங்கோ," என்று றிஸ்வியை அனுப்பிவிட்டு என் பக்கத்தில் வந்து குந்தினார்.

"அக்கா, நான் ஒருத்தருக்கும் மூச்சுவிடமாட்டன். தனியனைக் கண்டனான் எண்டு ஒரு சொல்லு சொல்லுங்கோ, காணும். மச்சானுக்குக் கோவம் வராது, இராகுலனுக்குக் கரைச்சல் வராது, உங்களுக்கும் வெக்கமில்லை. தனியனும் துலைஞ்சிடும். எல்லாருக்கும் நல்லதுதானே?"

எனக்கு இரக்கம் பார்க்கிறாராம்! தூ! அந்த இரக்கத்தைப் போல ஒரு கேவலத்தை நான் அதுவரை கண்டதில்லை.

அந்த நேரம் என் போன் அடித்தது. இராகுலன். கனடாவுக்குக் கதை என்னைவிட முந்திப் போய்விட்டது.

"அம்மா, யானை எண்டு சொல்லிவிடுங்கோவன். அது வந்து இல்லையெண்டு சொல்லப் போகுதே?"

"ஆர் செய்தது எண்டு உனக்குத் தெரியுமோ?"

"எனக்குத் தெரிய வேண்டாம்." அவன் என்னைப் பேசவிடவில்லை. "இன்னும் கொஞ்ச மாசம்தான் அம்மா, என்ர அலுவல் முடிஞ்சிடும். அப்பான்ர யானைகளாலை நாங்கள் பட்டது காணாதே?"

அவன் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. அதே கேள்வியை நான் கனகரிடம் எத்தனை தரம் கேட்டிருப்பேன்! வார்டில் காய்ச்சலோடு கிடந்த அந்தச் சின்ன முகம்தான் எனக்கு முன்னால் வந்தது. "சாப்பிட்டனியோ?" என்று மட்டும் கேட்டேன். "ஓம்" என்றான். போனை வைத்துவிட்டேன்.

றிஸ்வி திரும்பி வந்தார்.

"அம்மா, நீங்க கண்ணால கண்டீங்களா? தனியன்தானா உடைச்சது?"

அந்த யானையை நான் கிட்ட நின்று பார்த்ததுகூட இல்லை. எனக்கு அதன் நாற்றமும் பிடிக்காது, பிளிறலும் பிடிக்காது. என் புருஷனை என்னிடமிருந்து பறித்த சாதி அது. ஒரு சொல்லுச் சொன்னால் போய்விடும், என் பிள்ளை பிழைத்துக்கொள்வான். பாக்கியரத்தினம் எனக்காகத் தலையாட்டவும் தொடங்கிவிட்டார்.

"இல்லை," என்றேன். "நான்தான் பிடுங்கினனான்."

சீலைத் துண்டை அவிழ்த்து இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன்.

வேலிக்கு வெளியே நின்றவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். பாக்கியரத்தினம்தான் சிரித்தார். "சார், அக்காவுக்குக் கவலையில என்ன கதைக்கிறா எண்டு தெரியேல்லை."

"அலட்டாதேங்கோ. எனக்கு ஒரு கவலையும் இல்லை, மூளையும் கலங்கேல்லை. அலவாங்கு குசினிக்குப் பின்னால நிக்குது, சேறும் காயேல்லை. போய்ப் பாருங்கோ."

"அக்கா!" அவர் என் கையைப் பிடித்துவிட்டார். உண்மையிலேயே பயந்துபோய்விட்டார். "பெத்த பிள்ளையை ஒருக்கா நினைச்சுப் பாருங்கோ!"

"நினைச்சுத்தான் சொல்லுறன். அவன் கைகால் உள்ளவன், இன்னொரு கடை பாப்பான். தனியன் எங்க போய் இன்னொரு குளம் பாக்கிறது?"

பாக்கியரத்தினம் என் கையை விட்டார். றிஸ்வி கொப்பியைத் திறந்து என் பெயரைக் கேட்டார். கனகசுந்தரம் பூரணி என்று எழுதச் சொன்னேன்.